ஜென் கான் யார் கைக்குப் போகும்? விளையாட்டு மாநாடு ஒன்றின் உரிமையும் இரசிகர்களின் ஊகங்களும்

ஜென் கான் என்பது ஐக்கிய அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் நான்கு நாட்கள் நடைபெறும் விளையாட்டு மாநாடு ஆகும். மைதானத்தில் ஓடியாடும் விளையாட்டுகளுக்கு இங்கு இடமில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பலகை ஆட்டங்கள், அட்டை ஆட்டங்கள், சிறு பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் ஆட்டங்கள், கதைமாந்தராகவே மாறிப் பேசி ஆடும் பாத்திர ஆட்டங்கள் ஆகியவற்றுக்கான கூடுகை இது. வட அமெரிக்காவில் இவ்வகை மாநாடுகளுள் இதுவே மிகப் பெரியது.

2008 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், இம்மாநாட்டை நடத்தும் நிறுவனம் கடன் நெருக்கடியால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அன்று முதல் ஏறத்தாழ பதினொரு மாதங்கள் இரசிகர்களிடையே ஒரே பேச்சு: மாநாடு கைமாறுமா, மாறினால் யார் வாங்குவார்கள்? தம்முடைய பணம் ஒரு காசும் முதலீடாக இல்லாத ஒரு நிறுவனத்தின் உரிமையைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். அந்தக் கவலைக்கு நியாயம் உண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அதை விளக்க மாநாட்டின் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

தோற்றமும் பெயரும்

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர் உண்டு. அங்கு வாழ்ந்த கேரி கைகாக்ஸ், போர் ஆட்டங்களில் பேரார்வம் கொண்டவர். 1967 ஆம் ஆண்டில் தம்மைப் போன்ற ஆர்வலர் சிலரைத் தம் வீட்டிற்கு அழைத்து ஆடினார். அடுத்த ஆண்டு வீடு போதாது என்று 50 டாலர் வாடகைக்கு அவ்வூர்த் தோட்டக்கலை மன்றத்தின் கூடத்தை எடுத்தார். சுமார் நூறு பேர் வந்தனர். 1968 இல் நடந்த இக்கூட்டமே முதல் ஜென் கான் எனக் கணக்கிடப்படுகிறது.

பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. ஊரின் பெயர் ஜெனீவா; கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கன்வென்ஷன். இரண்டும் சேர்ந்தால், போரில் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை வகுத்த புகழ்பெற்ற ஜெனீவா உடன்படிக்கைகளின் பெயர் வந்துவிடுகிறது. போர் ஆட்டம் ஆடுவோருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

1969 இல் நடந்த இரண்டாம் கூட்டத்தில்தான் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதன்முதலாகச் சந்தித்தனர். இவ்விருவரும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் 1974 இல் வெளிவந்தது. இன்றைய கணினி ஆட்டங்களில் காணப்படும் 'நிலை உயர்தல்', 'உயிர்ப்புள்ளி' போன்ற பலவும் அந்த ஆட்டத்தின் வழி வந்தவை. ஆக, மாநாடு ஆட்டத்தைப் பெற்றது. ஆட்டம் மாநாட்டை வளர்த்தது. இந்த உறவு பின்னாளில் உரிமைச் சிக்கல்களுக்கும் காரணமாயிற்று.

கைமாறிய வரலாறு

தொடக்கத்தில் மாநாட்டுக்கு உரிமையாளர் என்று சொல்லத்தக்க நிறுவனம் எதுவும் இல்லை. ஆர்வலர் சங்கங்களே நடத்தின. கைகாக்ஸ் நண்பர்களுடன் 1973 இல் தொடங்கிய டி.எஸ்.ஆர். என்ற பதிப்பு நிறுவனம், 1970களின் நடுப்பகுதியில் மாநாட்டு நிருவாகத்தை ஏற்றது. 1978 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்க்சைடு வளாகத்திலும், 1985 முதல் மில்வாக்கி நகரிலும் மாநாடு நடந்தது.

1990களின் நடுவில் டி.எஸ்.ஆர். கடனில் மூழ்கியது. புத்தகங்களை அச்சிட அச்சகத்துக்குக் கொடுக்கவும் பணமில்லை என்ற நிலை. 1997 இல் அதை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை ஆட்டத்தால் திடீரென வளர்ந்த நிறுவனம் அது, அதன் தலைவர் பீட்டர் ஆட்கிசன். அவர்கள் வாங்க விரும்பியது முதன்மையாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை. வீட்டை வாங்கும்போது கொல்லையில் நிற்கும் மாமரமும் சேர்ந்து வருவதுபோல ஜென் கானும் கூடவே வந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1999 இல், பொம்மை உற்பத்தியில் உலகப் பெரு நிறுவனமான ஹாஸ்ப்ரோ, ஏறத்தாழ 325 மில்லியன் டாலர் கொடுத்து விசார்ட்ஸ் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. மாநாடு மறுபடியும் கைமாறியது. இம்முறையும் அதற்கென யாரும் தனியாக விலை பேசவில்லை. பொம்மை செய்யும் நிறுவனத்துக்கு மாநாடு நடத்துவது பழக்கமில்லாத தொழில். 2002 இல் ஹாஸ்ப்ரோ அதை விற்க முன்வந்தபோது வாங்கியவர், அதற்குள் அந்த நிறுவனத்தை விட்டு விலகியிருந்த அதே பீட்டர் ஆட்கிசன். மாநாட்டுக்கென்றே ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கினார். 2003 முதல் ஜென் கான் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்று வருகிறது.

முப்பத்தைந்து ஆண்டுகளில் சங்கம், பதிப்பகம், அட்டை ஆட்ட நிறுவனம், பொம்மைப் பெருநிறுவனம், தனியார் என்று ஐந்து கைகள். 2008 இல் இரசிகர்கள் 'அடுத்து யார்?' என்று கேட்டபோது அவர்கள் வெறும் கற்பனையில் பேசவில்லை.

2008 இல் நடந்தது என்ன?

ஆட்கிசனின் நிறுவனம் தன் சொந்த மாநாட்டோடு நிற்காமல், பிறருடைய பெயரில் உரிமம் பெற்று வேறு விழாக்களையும் நடத்தியது. ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் இரசிகர் விழாவான 'ஸ்டார் வார்ஸ் செலப்ரேஷன்' அவற்றுள் பெரியது. 2005 இல் இண்டியானாபொலிஸிலும் 2007 இல் லாஸ் ஏஞ்சலஸிலும் அவ்விழாவை நடத்தியது இந்நிறுவனமே. 2008 ஜனவரியில் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம், ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குத் தொடுத்தது. தொண்டு ஏலத்தில் திரண்ட தொகை, நோயுற்ற குழந்தைகளுக்கான மேக்-எ-விஷ் அமைப்புக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

பெப்ரவரி 15 அன்று ஜென் கான் நிறுவனம், அமெரிக்க நொடிப்புச் சட்டத்தின் 11 ஆம் அத்தியாயத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கோரியது. பிறர் உரிமத்தில் நடத்திய விழாக்களால் எதிர்பாராத செலவு ஏற்பட்டதே காரணம் என்று அது கூறியது. தாய் மாநாட்டால் நட்டமில்லை. கிளை பரப்பியதே வினையாயிற்று என்பது இதன் பொருள்.

11 ஆம் அத்தியாயம் என்பதை மாணவர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். செய்தியில் 'திவால்' என்ற சொல்லைக் கண்டவுடன் கடையை மூடிவிட்டார்கள் என்று எண்ணுவது இயல்பு. மூடி, சொத்துகளை விற்று, கடனை அடைப்பது அதே சட்டத்தின் 7 ஆம் அத்தியாயம். 11 ஆம் அத்தியாயத்தில் நிறுவனம் தொடர்ந்து இயங்கும். பெரும்பாலும் பழைய நிருவாகமே நடத்தும். கடனீந்தோர் அனைவரும் வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். அந்த இடைவெளியில் நிறுவனம் ஒரு சீரமைப்புத் திட்டத்தை முன்வைக்க, கடனீந்தோர் வாக்களிக்க, நீதிபதி ஏற்றால் அது நடைமுறைக்கு வரும்.

உரிமை மாறக்கூடிய இடம் இந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது. கடனீந்தோருக்கு முழுத்தொகை கிடைக்காமலும் அவர்கள் திட்டத்துக்கு ஒப்பாமலும் போனால், உரிமையாளர் தம் பங்கைக் கையில் வைத்திருப்பது கடினம். புதிதாக ஒருவர் பணத்துடன் வந்து வாங்கிக்கொள்ளலாம். கடனீந்தோரே பங்குதாரர் ஆகலாம். பழைய உரிமையாளரே மீண்டு வரவும் செய்யலாம். மூன்று கதவுகளும் திறந்திருந்தன. எனவே ஊகம் செய்தவர்களை வம்பளப்போர் என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்த ஆண்டின் மற்றொரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். வழக்கும் கடனும் தலைப்புச் செய்தியாக இருந்த வேளையில், மார்ச் 4 அன்று கேரி கைகாக்ஸ் காலமானார். மாநாட்டைப் பெற்றவர் போய்விட்டார், பிள்ளை நீதிமன்றத்தில் நிற்கிறது. இரசிகர்களின் பேச்சில் கணக்கைவிடத் துயரம் மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

யார் வாங்கலாம்?

முதல் ஊகம், பழைய உரிமையாளரான விசார்ட்ஸ் நிறுவனமோ அதன் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவோ திரும்ப வாங்கும் என்பது. பணம் இருந்தது, அந்த ஆண்டு ஜூன் மாதம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் நான்காம் பதிப்பும் வெளியானது. ஆனால் இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆட்டம் வெளியிடும் நிறுவனமே மாநாட்டையும் நடத்தினால், பிற பதிப்பகங்கள் எல்லாம் தம் போட்டியாளருக்கு வாடகை கட்டி அரங்கு போட வேண்டியிருக்கும். நல்ல இடம் யாருக்கு, மேடை யாருக்கு என்பதை முடிவு செய்பவரும் அந்தப் போட்டியாளரே.

இரண்டாவது, தொழில் சங்கம். ஆட்டத் தயாரிப்பாளர்களுக்கு அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஆரிஜின்ஸ் என்ற மாநாட்டை அதுவே நடத்துகிறது. நடுநிலை என்று பார்த்தால் இது சிறந்த தேர்வு. ஆனால் ஒரே சங்கம் இரண்டு பெரிய மாநாடுகளைச் சுமப்பதற்குப் பெரும்பணம் வேண்டும்.

மூன்றாவது, பொருட்காட்சி நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள். 2006 முதல் நியூயார்க் காமிக் கான் விழாவை நடத்திவந்த ரீட் எக்சிபிஷன்ஸ் போன்றவை இவ்வகை. இவர்களிடம் பணமும் உண்டு, மண்டப உரிமையாளரோடு பேரம் பேசும் அனுபவமும் உண்டு. இரசிகர்களின் அச்சம் வேறு: இவர்களுக்கு வருமானம் தருவது விற்பனை அரங்குகள். ஆட்ட மேசைகள் இடத்தை அடைக்கும், ஆனால் சதுர அடிக்கு அவ்வளவு வருமானம் தராது. கணக்குப் பார்க்கும் கண் முதலில் எதைக் குறைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, இரசிகர்களே சேர்ந்து வாங்குவது. இது பகற்கனவு என்று பலர் தள்ளுவர். முற்றிலும் அப்படியல்ல. 1939 முதல் நடந்துவரும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு நிலையான உரிமையாளர் கிடையாது. உறுப்பினர்கள் வாக்களித்து இடத்தைத் தேர்ந்தெடுக்க, ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு தன்னார்வக் குழு நடத்துகிறது. ஜென் கானுக்கு இம்முறை ஒத்துவராமைக்குக் காரணம் அளவு. ஒரு நகரின் மாநாட்டு மையம் முழுவதையும் பல ஆண்டுகளுக்கு முன்பதிவு செய்யக் கையெழுத்துப் போடுபவர், அதற்குப் பிணையும் தர வேண்டும்.

விற்கப்படுவது எது?

நான் மேல்நிலை வகுப்புகளில் கணக்குப்பதிவியல் நடத்திய காலத்தில், மாணவர்களுக்கு மிகவும் குழப்பம் தந்த பாடம் நற்பெயர். 'கையால் தொட முடியாததற்கு எப்படி சார் விலை போடுவது?' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்பார். சராசரி இலாப முறையில் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு மேலே போய்விடுவேன். ஜென் கானை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இம்மாநாட்டு நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. மண்டபம் வாடகை, மேசை நாற்காலிகளும் வாடகை. வாங்குபவருக்குக் கிடைப்பவை பெயரின் வணிகக் குறி உரிமை, நகரத்தோடும் விடுதிகளோடும் செய்த ஒப்பந்தங்கள், ஆகஸ்டு மாத வாக்கில் இன்ன நாட்களில் எல்லோரும் கூடுவர் என்ற பழக்கம், பல்லாயிரம் பேருடைய முகவரிப் பட்டியல் ஆகியவை மட்டுமே. ஏறக்குறைய எல்லாமே நற்பெயர்தான்.

அந்த நற்பெயரை உண்டாக்குபவர்கள் யார் என்று பார்த்தால் இரசிகர்களின் கவலை விளங்கும். மாநாட்டில் நடக்கும் ஆட்ட அமர்வுகளில் பெரும்பகுதியை நிறுவனத்தின் ஊழியர்கள் நடத்துவதில்லை. இன்ன ஆட்டத்தை, இத்தனை பேருக்கு, இத்தனை மணி நேரம் நடத்துகிறேன் என்று பங்கேற்பாளர் ஒருவர் விண்ணப்பிக்கிறார். அமைப்பாளர்கள் ஏற்று, மேசை எண்ணும் நேரமும் ஒதுக்குகின்றனர். மற்றவர்கள் நுழைவு அட்டை வாங்கியபின் அந்த அமர்வுக்குத் தனிச்சீட்டு எடுக்கின்றனர். ஆட்டத்தை நடத்துபவர் மாதக்கணக்கில் கதை எழுதி, வரைபடம் வரைந்து, பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி வருகிறார். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் நடத்தினால் நுழைவுக் கட்டணச் சலுகை போன்ற சில உதவிகள் கிடைக்கும். உழைப்புக்கு ஈடான கூலி என்று அதைச் சொல்ல முடியாது. இன்று இத்தகைய அமர்வுகளும் பிற நிகழ்ச்சிகளும் சேர்ந்து ஓராண்டில் 20,000-ஐத் தாண்டுகின்றன.

இவர்கள் யாரும் விற்பனைப் பத்திரத்தில் இடம்பெற மாட்டார்கள். புதிய உரிமையாளரைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு வராமல் இருக்கலாம். அப்படி நூறு பேர் விலகினால், வாங்கியவர் கொடுத்த விலை அந்த அளவுக்கு வீண். இரசிகர்கள் ஊகத்தில் இறங்குவது, தம் உழைப்பு அடுத்து யாருடைய வரவாகப் பதியப்படும் என்று கேட்பதே.

கையிலிருந்து போன காசும் உண்டு. மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே நுழைவு அட்டைக்கும் விடுதி அறைக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் பணம் கட்டிவிடுகின்றனர். முன்பணம் கட்டியவரும் சட்டத்தின் கண்ணில் ஒருவகைக் கடனீந்தோரே. மாநாடு நடந்தால் கடன் தீர்ந்தது. நடக்காவிட்டால் நீண்ட வரிசையின் பின்வரிசையில் நிற்க வேண்டும். அரங்குக் கட்டணம் செலுத்திய சிறு பதிப்பகங்களின் நிலை இன்னும் கடினம். ஆண்டின் பெருவிற்பனையை இந்த நான்கு நாட்களில் எதிர்பார்த்துக் கடன் வாங்கி அச்சடிப்போர் அவர்களுள் உண்டு.

எந்த அறிகுறிக்கு மதிப்பு?

இத்தகைய நேரங்களில் வதந்தியையும் ஆதாரத்தையும் பிரித்தறிவது கடினம். ஊழியர் ஒருவர் வேலையை விட்டார், கட்டணம் உயர்ந்தது, அறிவிப்பு தாமதமானது என்பவற்றை எல்லாம் விற்பனைக்கு முன்னறிவிப்பாகப் படிப்பது வழக்கம். இவற்றுக்கு வேறு நூறு காரணங்கள் இருக்கலாம். மாறாக, 11 ஆம் அத்தியாய வழக்கின் ஆவணங்கள் பொதுவில் கிடைப்பவை. கடனீந்தோர் பட்டியல், சீரமைப்புத் திட்டம் எல்லாவற்றையும் யாரும் படிக்கலாம். வணிகக் குறி யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதையும் பார்க்கலாம். மண்டப ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு என்பது இன்னும் வலுவான சான்று. உரிமையாளர் மாறினாலும் ஒப்பந்தம் பெரும்பாலும் தொடரும். விடுதி அறைகள் நிரம்புவதால் மாநாட்டைத் தக்கவைக்க நகரமும் முயலும்.

2008 இல் ஊகங்கள் ஓயாமல் இருக்கும்போதே மாநாடு ஆகஸ்டு 14 முதல் 17 வரை இண்டியானாபொலிஸில் நடந்தேறியது. 2009 ஜனவரியில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பிலிருந்து வெளிவந்தது. ஆட்கிசனிடமே உரிமை நீடித்தது. நான்கு ஊகங்களில் ஒன்றும் பலிக்கவில்லை. யாரும் அதிகம் பேசாத ஐந்தாவது, அதாவது பழையபடியே இருப்பது, நடந்தது.

உரிமையாளர் யார் என்பதால் என்ன வேறுபாடு வரும் என்பதற்கு 2015 ஆம் ஆண்டு ஒரு சான்று. இண்டியானா மாநிலம் கொண்டுவந்த சமய உரிமைச் சட்டம், ஒருபாலீர்ப்பினர் முதலானோருக்குச் சேவை மறுக்க வழிசெய்யும் என்ற கண்டனம் எழுந்தது. சட்டம் கையெழுத்தாகும் முன்பே ஜென் கானின் தலைமை நிருவாகி ஏட்ரியன் ஸ்வார்ட்அவுட் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். மாநாட்டால் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 50 மில்லியன் டாலருக்கு மேல் பொருளாதாரப் பயன் உண்டு என்றும், சட்டம் வந்தால் எதிர்காலத்தில் இங்கு தொடர்வது பாதிக்கப்படும் என்றும் அதில் குறிப்பிட்டார். ஆளுநர் கையெழுத்திட்டார், பல தரப்பிலிருந்தும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் சில நாட்களில் சட்டம் திருத்தப்பட்டது. பல நூறு விழாக்கள் நடத்தும் ஒரு பெருநிறுவனத்தின் சிறு பிரிவாக ஜென் கான் இருந்திருந்தால், அப்படியொரு கடிதத்துக்குத் தலைமையகத்தின் அனுமதி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பிற மாநாடுகள்

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடக்கும் 'ஷ்பீல்' பலகை ஆட்டக் கண்காட்சி, நீண்ட காலம் ஒரு சிறு பதிப்பகத்தின் கையில் இருந்தது. 2022 இல் அதை நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியை நடத்தும் ஷ்பீல்வாரன்மெஸ்ஸ அமைப்பு வாங்கியது. வாங்கியது ஒரு கூட்டுறவு அமைப்பு என்பது கவனிக்கத்தக்கது. கணினி ஆட்டத் துறையின் ஈ3 கண்காட்சி தொழில் சங்கத்துக்கே சொந்தமாக இருந்தும் பிழைக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் தம் அறிவிப்புகளை நேரடியாக இணையத்தில் வெளியிடத் தொடங்கியபின் அது நலிந்து, 2023 டிசம்பரில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. நடுநிலையான உரிமையாளர் வாய்த்தால் போதும் என்ற வாதத்துக்கு இது ஒரு மறுப்பு.

இந்தியாவுக்குத் தொடர்புடைய மாற்றமும் உண்டு. சண்டை வகைக் கணினி ஆட்டங்களின் முதன்மைப் போட்டியான எவோ, 1996 இல் கலிபோர்னியாவில் சுமார் நாற்பது பேர் ஆடிய போட்டியில் தொடங்கியது. 2021 இல் அதை சோனி நிறுவனமும் ஆர்.டி.எஸ். என்ற நிறுவனமும் சேர்ந்து வாங்கின. சோனியின் பங்கு 2025 ஆகஸ்டில் குருகிராமைச் சேர்ந்த நாட்வின் கேமிங் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஜென் கானைப் பொறுத்தவரை, 2017 இல் ஐம்பதாம் மாநாட்டின்போது நுழைவு அட்டைகள் அனைத்தும் தொடங்கும் முன்பே விற்றுத் தீர்ந்தன. அதன் வரலாற்றில் அதுவே முதல் முறை. 2020 இல் கொரோனா பெருந்தொற்றால் நேரில் கூட முடியாமல் இணையவழி நடந்தது. 2023 இல் வந்தோர் எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியது.